மேஸ்திரி வெட்டிய செடி

அந்தத் தெருவில் ஒரு மேஸ்திரி இருந்தாள். வயது பத்து. கையில் கரண்டி கிடையாது, தலையில் முண்டாசும் கிடையாது. ஆனாலும் வீட்டிலும் தெருவிலும் அவளுக்கு அதுதான் பெயர்.

காரணம் இல்லாமல் இல்லை. வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பெரியது முதல் சிறியது வரை அவள் வரிசையாக நிற்க வைப்பாள். சமையலறை டப்பாக்களை உயரப்படி அடுக்கிவிடுவாள். அதனால் அம்மாவுக்குச் சர்க்கரை வேண்டுமென்றால் நான்கு டப்பாக்களையாவது திறந்து பார்க்க வேண்டியிருக்கும். அப்பா படித்துக்கொண்டிருக்கும்போதே செய்தித்தாளை வாங்கி மடித்து வைத்துவிடுவாள்.

“கடைசிப் பக்கம் இன்னும் பாக்கி இருக்கு, மேஸ்திரி,” என்பார் அப்பா.

“நாளைக்குப் புதுசு வரும்ப்பா,” என்பாள் அவள்.

வீட்டுக்குப் பின்னால் சிறு தோட்டம் ஒன்று இருந்தது. அங்கே மட்டும் மேஸ்திரியின் அதிகாரம் செல்லாது. அது அத்தையின் ராஜ்யம். அப்பாவின் தங்கையான அத்தை, மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தார். பகல் முழுவதும் கண்ணாடி வில்லைகளைத் தேய்த்துவிட்டு வந்து, மாலையில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவார்.

தோட்டத்தின் கடைசியில் இரண்டு முட்புதர்கள் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. சொத்தைக்களா என்று பெயர். பெயர்தான் சொத்தை, பழம் அப்படி இல்லை. கோலிக்குண்டைவிடச் சிறியது, கருஞ்சிவப்பு நிறம். வாயில் போட்டால் முதலில் புளிக்கும், பிறகு இனிக்கும், கடைசியில் நாக்கைக் கொஞ்சம் பிடித்து இழுக்கும். குன்றுப் பக்கம் தானாக முளைக்கிற செடி என்பதால் அதை யாரும் மெனக்கெட்டு வீட்டில் நடுவதில்லை. அத்தை நட்டார். விதை போட்டு ஐந்து வருடம் காத்திருந்தார். போன வருடம்தான் முதல் முறையாகப் பழம் வந்தது. ஒரு கிண்ணம் நிறைய வந்தது.

ஆனால் எல்லாப் பழமும் ஒரே புதரில்தான் வந்தது. இன்னொரு புதர் பூத்ததோடு சரி. ஒரு பிஞ்சுகூட வைக்கவில்லை.

மேஸ்திரிக்கு அது பெரிய உறுத்தலாக இருந்தது. இந்த வருடம் வெயில் வேறு கடுமை. அத்தை ஒவ்வொரு வாளியாகச் சுமந்து வந்து இரண்டு புதர்களுக்கும் பாதிப் பாதியாக ஊற்றுவார். ‘ஒண்ணு உழைக்குது, இன்னொண்ணு சும்மா நின்னுக்கிட்டுத் தண்ணி குடிக்குது. இது என்ன நியாயம்?’ என்று அவள் நினைத்தாள். வேலை செய்யாத ஆளை எந்த மேஸ்திரிதான் வைத்துக்கொள்வார்?

அன்று பள்ளி விடுமுறை. பெரியவர்கள் எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். மேஸ்திரி தோட்டத்துக் கத்தரிக்கோலை எடுத்தாள். காய்க்காத புதரின் கிளைகளை ஒவ்வொன்றாக வெட்டினாள். கிளைகளில் கடுகு கடுகாக மொட்டுகள் இருந்தன. அவள் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. முள் குத்திக் கையெல்லாம் கீறியது. அதையும் பொருட்படுத்தவில்லை. முழங்கால் உயரத்துக்கு நான்கைந்து குச்சிகள் மட்டும் மிஞ்சின. வெட்டிய கிளைகளைச் சுவரோரம் குவித்தாள். நல்ல புதரைச் சுற்றிப் பெரிதாகப் பாத்தி கட்டி, முழு வாளித் தண்ணீரையும் அதற்கே ஊற்றினாள்.

அத்தை வந்து பார்த்தால் எப்படிச் சந்தோஷப்படுவார் என்று நினைத்தபடியே உள்ளே போய்க் கை கழுவினாள்.

அவள் கை கழுவிய நேரத்தில் வாத்தியார் தோட்டத்துக்குள் வந்தார்.

வாத்தியார் என்பது பக்கத்து வீட்டு ஆடு. பால் கறக்கும் வெள்ளாடுதான். ஆனால் நீளத் தாடி இருந்தது. எதையாவது மென்றுகொண்டே எல்லோரையும் ஏற இறங்கப் பார்க்கும் பழக்கமும் இருந்தது. அதனால் அந்தப் பெயர். அதை வளர்த்தவர் கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர். மேஸ்திரிக்கு அவர் கடிகார மாமா.

மாலையில் அத்தை தோட்டத்துப் பக்கம் போனார். பின்னாலேயே மேஸ்திரியும் குதித்துக்கொண்டு போனாள். அங்கே வாத்தியார் சுவரோரக் குவியலைத் தோட்டமெங்கும் இழுத்துக் கலைத்துப் போட்டு, கிளைகளை நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. புதரில் மிஞ்சிய குச்சிகளின் நுனியைக்கூட மென்று வைத்திருந்தது.

அத்தை கத்தவில்லை. துணி துவைக்கும் கல்லின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“போச்சு,” என்றார். “இந்த வருஷம் ஒரு பழம்கூட வராது.”

மேஸ்திரிக்குப் புரியவில்லை. “காய்க்கற செடி நல்லாத்தானே இருக்கு அத்தை?”

“இது ஆண் செடிம்மா. இதோட பூவுல மஞ்சளாத் தூள் இருக்கும். தேனீ அதை எடுத்துட்டுப் போய் அந்தச் செடிப் பூவுல வச்சாத்தான் அது காய்க்கும். இது இல்லைன்னா அதுவும் இல்லை.” அத்தை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இன்னும் நாலஞ்சு நாள்ல பூத்திருக்கும்.”

மேஸ்திரி ‘நான்தான்’ என்று சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கடிகார மாமா எட்டிப் பார்த்தார்.

“ஐயையோ, நம்ம ஆடா?” அவர் பின் சந்து வழியாக ஓடி வந்தார். “படலைச் சாத்தினேனா இல்லையான்னே ஞாபகம் இல்லைம்மா. தப்பு என்னோடதுதான். முப்பது வருஷமாப் பக்கத்துல இருக்கேன், ஒரு தொந்தரவு குடுத்ததில்லை.” அத்தையை விட வயதில் மூத்தவர், அத்தை முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“பரவாயில்லைண்ணே. வாயில்லாப் பிராணி, அதுக்கு என்ன தெரியும்,” என்றார் அத்தை. பிறகு மேஸ்திரியின் கைகளைப் பார்த்தார். “அடடா, என்ன இது இவ்வளவு கீறல்? ஆட்டை விரட்டப் போனியா?”

மேஸ்திரியின் தலை மேலும் கீழும் ஆடியது. அவள் ஆட்டச் சொல்லாமலே அது ஆடியது போல இருந்தது.

அத்தை அவளை உள்ளே கூட்டிப் போய் ஒவ்வொரு கீறலுக்கும் மருந்து தடவினார். ஊதி ஊதித் தடவினார். “நீயாவது விரட்டப் பார்த்தியே,” என்றார். மருந்து எரியவே இல்லை. எரிந்திருந்தால் நன்றாக இருக்கும் என்று மேஸ்திரிக்குத் தோன்றியது.

மறுநாள் கடிகார மாமா வாத்தியாருக்கு ஒரு வாய்க்கூடு பின்னிப் போட்டார். கழுத்துக் கயிறும் பாதியானது. வேளாவேளைக்கு வாய்க்கூட்டைக் கழற்றி, அவர் வைக்கிற தீனியை மட்டுமே அது தின்ன முடிந்தது. மற்ற நேரமெல்லாம் சுவருக்கு மேலே தலையை நீட்டித் தோட்டத்தைப் பார்த்தது. மேஸ்திரி அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் வேறு எங்கோ பார்த்தபடி நடந்தாள். ஆடு எங்கும் திரும்பவில்லை. நேராக அவளையே பார்த்தது.

மூன்றாம் நாள் மாமா மேஸ்திரி வீட்டுச் சுவர்க் கடிகாரத்தை வாங்கிப் போய்ச் சுத்தம் செய்து மாட்டிவிட்டுப் போனார். யாரும் கேட்கவில்லை. அவராகவே செய்தார். “எதுக்கு இதெல்லாம்?” என்று எல்லோரும் சொன்னார்கள், மேஸ்திரியைத் தவிர.

வாசலில் செருப்புகள் திசைக்கொன்றாகக் கிடந்தன. அம்மா அதைப் பார்த்துவிட்டு மேஸ்திரியின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

“காய்ச்சல் இல்லையே,” என்றார்.

“ஒண்ணும் இல்லைம்மா.”

“அப்போ செருப்பு ஏன் இப்படிக் கிடக்கு?”

“கிடக்கட்டும்மா. அதுவும் எத்தனை நாள்தான் நிக்கும்?”

அம்மா இன்னொரு முறை நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

நான்காம் நாள் பள்ளி விட்டு வந்தபோது, அடுத்த வீட்டு வாசலில் மாமா அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தது அவள் காதில் விழுந்தது.

“ஞாயித்துக்கிழமை மச்சான் வண்டி கொண்டுட்டு வரான். அவன்கிட்டயே குடுத்துடறேன். அங்க வெட்டவெளி, கட்டிப்போட வேண்டியதில்லை. இங்க வச்சிருந்தா வாயைக் கட்டணும். பாக்க சகிக்கலை.”

“பால் குடுக்கற ஆடாச்சே,” என்றார் அப்பா.

“பால் கிடக்குது விடுங்க. எனக்குப் பேச்சுத்துணையே அதுதான். என்ன செய்யறது, அக்கம்பக்கம் நல்லா இருக்கணுமே.”

மேஸ்திரி வீட்டுக்குள் போனாள். புத்தகப் பையை எப்போதும் மாட்டுகிற ஆணியில் மாட்டினாள். அது கீழே விழுந்தது. எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஒரே ஒரு நாள்தான் இருந்தது. வண்டி வந்துவிட்டால் பிறகு சொல்லி என்ன ஆகப் போகிறது? அவள் வெளியே வந்து அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினாள்.

மாமாவின் முன் அறையில் இருபது கடிகாரங்களாவது இருக்கும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரம் காட்டும். மற்ற நாட்களில் அதைப் பார்த்தாலே மேஸ்திரிக்குக் கை பரபரக்கும். இன்று கண்ணில் படவே இல்லை. மாமா ஒரு கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடியைச் செருகிக்கொண்டு குனிந்திருந்தார்.

“வா மேஸ்திரி. எங்க எது கோணலா இருக்குன்னு சொல்ல வந்த?”

“வாத்தியாரை அனுப்பாதீங்க மாமா.”

“அனுப்பாம? ஊர்ல இருக்கற செடியெல்லாம் மேயட்டும்னு விடவா?”

“அது மேய்ஞ்சுது. ஆனா வெட்டினது அது இல்லை.”

“ஆடு எங்கேயாவது வெட்டுமா? என்ன உளர்ற?”

“நான் வெட்டினேன்.” சொல்லும்போது அவள் காது இரண்டும் தீயாய்ச் சுட்டன. “கத்தரிக்கோலால வெட்டி, சுவரோரமாப் போட்டேன். கீழ கிடந்ததைத்தான் அது தின்னுச்சு.”

மாமா கண்ணிலிருந்து கண்ணாடியை எடுத்தார். இருபது கடிகாரங்களும் தனித்தனியாகத் துடித்துக்கொண்டிருந்தன.

“அன்னைக்கு உங்க அத்தை முன்னாடி நான் கையைக் கட்டிக்கிட்டு நின்னேனே. அப்ப நீ பக்கத்துலதானே நின்ன?”

“ஆமா மாமா.”

“மூணு நாளா அதுக்கு வாயைக் கட்டி வச்சிருக்கேன். அதுகிட்ட நான் எப்படி மன்னிப்புக் கேக்கறது?”

மேஸ்திரி தரையைப் பார்த்தாள். கண்ணீர் மூக்கு நுனிக்கு வந்து நின்றது. மாமா எழுந்து கொல்லைப்பக்கம் போனார். அவர் வாய்க்கூட்டை அவிழ்க்கும் சத்தமும், வாத்தியார் நீளமாகக் கத்திய சத்தமும் கேட்டன. திரும்பி வந்தபோது அவர் முகம் கொஞ்சம் இளகியிருந்தது.

“அத்தைக்குத் தெரியுமா?”

“இன்னும் இல்லை. ஆடு உங்களோடது. அதான் முதல்ல இங்க வந்தேன்.”

“இங்க சொன்னதை அங்கயும் சொல்லு. கூட நான் வரணுமா?”

மேஸ்திரி யோசித்தாள். “வேண்டாம் மாமா. நீங்க வந்தா, உங்களுக்காக அத்தை என்னைத் திட்டாம விட்டுடுவாங்க.”

அத்தை அப்போதுதான் கடையிலிருந்து வந்து தோட்டத்தில் வாளியோடு நின்றார். மேஸ்திரி ஓடிப் போய் அவர் எதிரில் நின்று, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். பாத்தி கட்டியது, தண்ணீரை முழுவதுமாக ஊற்றியது, தலையை ஆட்டியது, எதையும் விடவில்லை.

அத்தை அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். கீறல்கள் காய்ந்து கோடுகளாகியிருந்தன.

“மருந்து போடும்போதாவது சொல்லியிருக்கலாமே,” என்றார்.

அவ்வளவுதான். திட்டவில்லை. கையை விட்டுவிட்டார். அந்தக் கை என்ன செய்வதென்று தெரியாமல் காற்றில் நின்றது.

அத்தை பெரிய புதருக்குப் பாதித் தண்ணீரை ஊற்றினார். குச்சியாய் நின்ற புதருக்கும் பாதியை ஊற்றினார். பிறகு பெரிய புதரின் கிளை ஒன்றைத் தாழ்த்திப் பார்த்தார்.

“பூத்துடுச்சு,” என்றார் மெல்ல. “பாவம், அதுக்கு விஷயமே தெரியாது.”

மேஸ்திரிக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. ஆனால் அழுகையோடு கூடவே ஒரு கேள்வியும் வந்தது.

“அத்தை, அந்த மஞ்சள் தூள் இந்தச் செடியோடதாத்தான் இருக்கணுமா? வேற ஆண் செடியோடது ஆகாதா?”

“ஆகும். ஆனா யார் வீட்டுல இருக்கு? இதைப் பைத்தியக்காரி மாதிரி வீட்டுல வளர்க்கறது நான் ஒருத்திதான்.”

“வீட்டுல இல்லைன்னா என்ன? காட்டுல இருக்குமே. ஒரு கிளையைப் பூவோட கொண்டு வந்து தண்ணியில வச்சா வாடாது இல்லையா? அதை நம்ம புதருக்குள்ள தொங்கவிட்டா?”

அத்தை வாளியைக் கீழே வைத்தார்.

“கிளைக்கு வேர் இருக்கா இல்லையான்னு தேனீக்கா தெரியப் போகுது,” என்றார்.

அத்தை விதை எடுத்த குன்று வெகு தூரம். ஆனால் இந்தச் செடியை அவ்வளவு ருசித்துத் தின்ற வாத்தியார் தினமும் எங்கே மேயப் போகும்? மேஸ்திரி மறுபடியும் அடுத்த வீட்டுக்கு ஓடினாள்.

“தண்ணித் தொட்டிக்குப் பின்னால ஒரு சரிவு இருக்கே, அங்கதான்,” என்றார் மாமா. “முள்ளுப் புதரா இருக்கும். இது எப்படித்தான் தின்னுதோ. அது என்ன புதர்னு நான் பார்த்ததில்லை. என் கண்ணெல்லாம் பல்சக்கரத்துலதான்.”

ஞாயிற்றுக்கிழமை காலை அவர்கள் மூவரும் கிளம்பினார்கள். முன்னால் வாத்தியார், நடுவில் மாமா, கடைசியில் மேஸ்திரி. மச்சானை வர வேண்டாம் என்று மாமா முதல் நாளே சொல்லி அனுப்பியிருந்தார். வாத்தியார் கழுத்தில் கயிறு இல்லை. கட்டிக் கிடந்த மூன்று நாளுக்கும் சேர்த்து நடப்பது போல வேகமாக நடந்தது.

சரிவில் சொத்தைக்களாப் புதர்கள் பத்துப் பதினைந்து இருந்தன. எல்லாம் பூத்திருந்தன. ஆனால் எது ஆண், எது பெண்? பூ மிளகு அளவுதான். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்று போலவே இருந்தது.

“என் கண்ணாடி இருக்கு,” என்று மாமா உருப்பெருக்கியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கண்ணில் செருகினார். ஒரு பூவைப் பார்த்தார். “ஒண்ணுமே புரியலை. பல்சக்கரம் எதுவும் இல்லை.”

மேஸ்திரி ஒவ்வொரு புதராகப் போய்ப் பூவில் மூக்கை வைத்து அழுத்தினாள். பிறகு மாமாவிடம் வந்து முகத்தைக் காட்டினாள். முதல் புதருக்கு ஒன்றும் இல்லை. இரண்டாவதற்கும் இல்லை. நான்காவதில் மாமா சிரித்துவிட்டார்.

“மூக்கு மஞ்சளா இருக்கு, மேஸ்திரி.”

அதுதான் ஆண் செடி. மாமா கத்தரிக்கோலை நீட்டினார். மேஸ்திரி வாங்காமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“நீங்க வெட்டுங்க மாமா. நான் இனிமே எதையும் வெட்ட மாட்டேன்.”

“அன்னைக்குத் தெரியாம வெட்டின. இன்னைக்கு எது, எதுக்குன்னு தெரியுமே. பிடி.”

அவள் புதரை மூன்று முறை சுற்றி வந்தாள். நிறையக் கிளைகள் அடர்ந்திருந்த இடமாகப் பார்த்து, பூ நிறைந்த ஒரு சிறு கிளையை மட்டும் வெட்டினாள்.

கிளையைத் தண்ணீர் நிரப்பிய பாட்டிலில் செருகி, அத்தை அதைப் பெரிய புதரின் நடுவே கயிற்றால் கட்டித் தொங்கவிட்டார். கல்லின் ஒரு ஓரத்தில் அத்தை உட்கார்ந்தார். மறு ஓரத்தில் மேஸ்திரி உட்கார்ந்தாள். நடுவில் இன்னொருவர் உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது.

வெகு நேரம் கழித்து ஒரு தேனீ வந்தது. பாட்டில் கிளையில் உட்கார்ந்து உருண்டது. எழுந்து, பக்கத்துக் கிளைக்குப் போனது.

“போயிடுச்சு, போயிடுச்சு,” என்று மேஸ்திரி கிசுகிசுத்தாள்.

“சத்தம் போடாதே, கூச்சப்படும்,” என்றார் அத்தை. அப்போது நடுவில் இருந்த இடம் கொஞ்சம் குறைந்திருந்தது.

மூன்று நாளில் அந்தக் கிளை வாடியதும் மேஸ்திரி பள்ளிக்குப் போகும் முன் மாமாவோடு போய் இன்னொன்று கொண்டு வந்தாள். ஆனால் புதிதாக ஒரு தொல்லை முளைத்தது. சுவர் உயரம் குறைவு. பின் சந்தில் போகிறவர்கள் எல்லோருக்கும் பாட்டில் தெரிந்தது. தெரிந்தால் கேட்காமல் போவார்களா?

முதலில் கேட்டவர் தபால்காரர். “என்னம்மா, செடிக்குக் குளுக்கோஸ் ஏத்தறீங்களா?”

அத்தை மேஸ்திரியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “அது ஒண்ணும் இல்லைங்க, ஒரு சின்ன விபத்து,” என்றார்.

மேஸ்திரி நெளிந்தாள். அந்தப் பேச்சு அப்படியே முடிந்திருக்கும். தபால்காரர் சைக்கிளில் காலை வைத்துவிட்டார்.

“விபத்து இல்லைங்க,” என்றாள் அவள். “நான்தான் ஆண் செடியைத் தண்டம்னு வெட்டிட்டேன். பழியை ஆட்டு மேல போட்டுட்டேன்.”

தபால்காரர் காலை எடுத்துவிட்டு முழுக் கதையையும் கேட்டுவிட்டுத்தான் போனார். அன்று மாலை வரை அவள் காதுச் சூடு ஆறவில்லை. மறுநாள் இஸ்திரிக்காரர் கேட்டார். அப்போது மாலைக்கு முன்பே ஆறிவிட்டது. அதற்கடுத்து, கூடப் படிக்கும் இரண்டு பேர் வந்து கேட்டார்கள். அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. “நீயா? நீதானே எங்க நோட்டுல கோடு கோணல்னு சொல்லுவ?” என்று ஒருத்தி கேட்டாள். “நானேதான்,” என்றாள் மேஸ்திரி. ஆறாவது ஆள் கேட்டபோது, வாத்தியார் எப்படி மென்றது, மாமா எப்படிப் பூவில் பல்சக்கரம் தேடினார் என்று அவள் நடித்தே காட்டினாள். சுவருக்கு அந்தப் பக்கம் மாமா சிரித்த சத்தம் கேட்டது.

மூன்று வாரம் ஆனது. ஒரு சாயங்காலம் அத்தை ஒரு கிளையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டார். இலைக்கு அடியில் பச்சைப் பிஞ்சுகள், குண்டூசித் தலை அளவில். மேஸ்திரி எண்ணத் தொடங்கினாள். நாற்பத்து மூன்று வந்தது. போன வருடம் வந்ததில் பாதிகூட இல்லை. அத்தை அவள் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, விட்டுப்போன இன்னொன்றைக் காட்டினார்.

அப்போது சந்தில் காய்கறிப் பையோடு போன ஓர் அம்மாள் நின்று எட்டிப் பார்த்தார். தெருவுக்குப் புதிதாகக் குடி வந்தவர்.

“அட, இது காட்டுல இருக்கற செடியாச்சே. வீட்டுல காய்ச்சிருக்கே. யார் வளர்த்தது?”

“எங்க அத்தை,” என்று மேஸ்திரி பின்கதவின் தாழ்ப்பாளைத் திறந்தாள். “நடுவுல இதோட ஜோடிச் செடியை வெட்டினது நான். உள்ள வந்து உக்காருங்க, முழுசா சொல்றேன்.”